நல்லெண்ணெய் மணத்த ட்ரான்ஸ்போமர்

ட்ரான்ஸ்போமரும் மூச்சு விடும். வெயில் ஏற ஏற, வயிற்றுக்குள் இருக்கிற எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும். பொழுது சாய்ந்து சூடு தணிய, வெளிக்காற்றை மெல்ல உள்ளே இழுக்கும். இழுக்கிற காற்றோடு ஈரமும் போனால் எண்ணெய் கெட்டுவிடும் என்பதால், மூச்சுக்குழாயின் வாயில் ஒரு கண்ணாடிக் குடுவையைப் பொருத்தி அதற்குள் நீல மணிகளைப் போட்டு வைத்திருப்பார்கள். ஈரத்தைக் குடித்த மணி இளஞ்சிவப்பாக மாறும். யாழ்ப்பாணத்தில் அந்த மணிகளை நீலமாக நான் கண்டது குறைவு. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்சத் தூரத்தில் கடல் கிடக்கிறது. வேலிக் கம்பி, யன்னல் கொக்கி, மனிதரின் மூட்டு என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை.

என் தொழில் இந்த மூச்சுக்களைப் பார்ப்பது. வீதியோரத்திலும் ஆலைகளிலும் ஆஸ்பத்திரி வளவுகளிலும் நிற்கிற ட்ரான்ஸ்போமர்களிடம் போய், கொஞ்சம் எண்ணெய் எடுத்து, இது இன்னும் தாங்குமா என்று சோதிப்பேன். எண்ணெய்க்கு வயது போவது கண்ணுக்கே தெரியும். தேன் நிறம் மெல்ல மெல்லத் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். அதன் பிறகு புளிக்கும். புளித்த எண்ணெய் உள்ளே செப்புக் கம்பிகளில் சுற்றியிருக்கிற கடதாசியைத் தின்னத் தொடங்கும். வெளியே ஒரு சத்தமும் இராது. அதே உறுமல், அதே சூடு. உள்ளே நடக்கிறதை ஒரு துளி எண்ணெய்தான் சொல்லும்.

எண்ணெய் எடுக்க ஒரு முறை இருக்கிறது. மழை நாளில் எடுக்கக்கூடாது. பனி காய்ந்த பிறகு, அடியில் இருக்கிற குழாயின் வாயைத் துணியால் துடைத்துத் திறந்து, முதலில் வருவதை ஓடவிட வேண்டும். குழாய்க்குள் தங்கிய அழுக்கு அதோடு போகும். அடுத்து வருகிற எண்ணெயால் போத்தலை அலசி அதையும் ஊற்றிவிட வேண்டும். அதன் பிறகே போத்தலை விளிம்பு முட்ட நிரப்பி மூடலாம். அந்த முதல் எண்ணெய் கழிவு, யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது விதி. ஆனால் எங்கள் ஊரில் அது வாளியின் அடியை நனைக்க முன்னமே வேலிப் படலைகள் திறக்கும்.

சோடாப் போத்தலோடு ஒருவர் வருவார். சாராய அரைப் போத்தலைக் கழுவித் துடைத்துக்கொண்டு இன்னொருவர் வருவார். எல்லாருக்கும் முழங்கால்.

"ட்ரான்ஸ்போமர் எண்ணெய் மாதிரி ஒண்டும் வராது தம்பி. நோவைக் கரண்ட் மாதிரி இழுத்து எடுத்துப்போடும்."

"அம்மா, இது உடம்புக்குப் பூசுற சாமான் இல்லை" என்பேன்.

"ஓம் ஓம். கொஞ்சம் கூட விடும். ரெண்டு முழங்காலெல்லோ."

எங்கள் வானை ஓட்டுகிறவர் என் வயதுக்காரர். சிரிப்பும் பகிடியுமாக வாய் ஓயாத மனிதர். இப்படிச் சனம் சேர்ந்தால் என் காதருகே வந்து, "ஐசே, நாங்கள் கரண்ட் பாக்க வந்தனாங்களோ, பால் அளக்க வந்தனாங்களோ?" என்பார். சொல்லிக்கொண்டே, நான் பார்க்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்புகிற நேரமாகப் பார்த்து, வாளியைச் சரித்துப் பிடிப்பார்.

கரண்டே இல்லாமல் கிடந்த அந்த நீண்ட சண்டை வருசங்களில், செத்துப்போய் நின்ற ட்ரான்ஸ்போமர்களின் எண்ணெய் எதற்கெதற்கெல்லாம் போனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பிறகு கரண்ட் வந்தது, வீதிகள் அகன்றன, எத்தனையோ மருந்துக்கடைகள் வந்தன. எண்ணெய் மேலிருந்த நம்பிக்கை மட்டும் முழங்காலில் தங்கிவிட்டது.

கோப்பாயில் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு பழைய அரிசி ஆலை இருக்கிறது. அதன் முதலாளி கனடாவில். நெல்லு வெட்டுகிற மாதங்களில் மட்டும் ஆலை இரைந்து, உமி பறந்து, பிறகு வருசம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அந்த வளவின் பின்மூலையில், கம்பிக்கூட்டுக்குள், சீமெந்து மேடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் குந்தியிருந்தது. மிகப் பழையது. பெயர்த்தகடு துருவேறி, அது எந்த நாட்டில் எப்போது பிறந்தது என்று வாசிக்க முடியாத நிலை. அதற்கும் ஆலைக்கும் காவலாக ஒரு மனிதரும் அவருடைய மனைவியும் வளவிலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நான் கணவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். இருவரும் என்னைத் தம்பி என்பார்கள்.

அக்காவை நான் எப்போதும் வேப்பமரத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, கால்களை இன்னொரு கதிரையில் நீட்டியபடிதான் கண்டிருக்கிறேன். முழங்கால்கள் இரண்டும் தேங்காய் மாதிரி வீங்கியிருக்கும். வானைக் கண்டதும் சத்தம் போடுவார்.

"இஞ்சேருங்கோ, எண்ணெய்க்காரர் வந்திட்டினம்! போத்தலைக் கொண்டு ஓடுங்கோ!"

அண்ணை ஓடமாட்டார். ஓடுகிற உடம்பு அதுவல்ல. மெலிந்து உயர்ந்த மனிதர். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லி, அந்தச் சொல்லையும் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர் போல நிற்பார். அவர்களுடைய வைத்தியம் இரண்டு பங்கு. கிழமைக்கொருக்கால் அண்ணை பஸ் பிடித்துக் கீரிமலைக்குப் போய்ப் போத்தல்களில் கடல் தண்ணீர் அள்ளி வருவார். அதைச் சுடவைத்து அக்காவின் கால்களை அமிழ்த்தி வைப்பார். துடைத்துக் காயவைத்த பிறகு எண்ணெய். பின்னேரங்களில் ஒரு முக்காலியில் குந்தி, முழங்காலிலிருந்து குதி வரைக்கும் இறக்கி, குதியிலிருந்து முழங்கால் வரைக்கும் ஏற்றி, அவசரமில்லாமல் உருவிவிடுவார். ஒரு நாள் நேரம் பிந்திப்போய் அதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணை கதைத்துக்கொண்டிருந்தார். வெங்காயத்துக்கு வந்த நோய், பஸ்ஸில் கண்ட ஒருவர், பூனை குட்டி போட்ட இடம். ஒன்று முடிய ஒன்று. அவருக்கு இவ்வளவு கதை இருந்ததா என்று நின்றுவிட்டேன்.

"எண்ணெய் சுகம் தருதோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? அந்த மணம் எனக்குப் பிடியாது. ஆனால் தம்பி, உந்த மனுசன் விடிஞ்சால் பொழுதுபட்டால் வாய் திறவாது. எண்ணெய் போடேக்கை மட்டும்தான் கதைக்கும். அதுக்காண்டிக் காலை நீட்டுறன்."

"சும்மா இரும்" என்றார் அண்ணை. காது சிவந்துவிட்டது.

ஒவ்வொரு நாளும் மணித்தியாலக் கணக்கில் கரண்ட் வெட்டிய அந்த வருசம் முடிந்து, பெற்றோலுக்கு வரிசையில் நிற்கிற காலமும் ஓய்ந்த பிறகு, நாங்கள் மறுபடி அந்த ஆலைக்குப் போனோம். நீல மணிகள் வழக்கம்போல வெளிறிச் சிவந்திருந்தன. எண்ணெய் மட்டம் காட்டுகிற கண்ணாடியில் எண்ணெய் கோட்டளவில் சரியாக நின்றது. அந்த வயதுக்கு அது நல்ல அடையாளம். குழாயைத் திறந்து, ஓடவிட்டு, போத்தலை நிரப்பி, மூட முன் முகர்ந்து பார்த்தேன். எண்ணெயை முகர்வது என் பழக்கம். எரிந்த எண்ணெய்க்கு ஒரு மணம், புளித்ததற்கு இன்னொரு மணம்.

இது சனிக்கிழமை மணத்தது.

திரும்பவும் முகர்ந்தேன். தோய்வதற்கு முன் தலையில் வைத்துத் தேய்க்கிற மணம். சனீஸ்வரனுக்கு எரிக்கிற எள்ளுச் சிட்டி விளக்கின் மணம். போத்தலை வான்காரரின் மூக்கடியில் பிடித்தேன்.

"ஐசே" என்றார் அவர், கண்ணைச் சுருக்கி. "ஆரோ இதுக்குள்ளை தோசை சுட்டிருக்கிறாங்கள்."

அண்ணை கம்பிக்கூட்டுக்கு வெளியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"குறைஞ்சுகொண்டு போச்சுது தம்பி" என்றார். "அந்தக் கண்ணாடியிலை பாத்தன். கோட்டுக்குக் கீழை இறங்கிட்டுது. எடுத்தது நான்தானே. கீழை திறந்து அப்பப்ப ஒரு போத்தல் பிடிச்சனான். எடுத்தால் வைக்கவேணுமெல்லோ. அதுதான் மேல் மூடியைக் கழட்டி நல்லெண்ணெய் வாத்து விட்டனான்."

"நல்லெண்ணெயோ!"

"கலப்படம் இல்லை தம்பி. செக்கிலை ஆட்டினது."

வான்காரருக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. "அண்ணை, கரண்ட் ஓடுற சாமானுக்கு மேலை ஏறி நிண்டு எண்ணெய் வாத்தனீங்களோ? பத்தி எரிஞ்சிருப்பியள்."

"வெட்டுற நேரம் பாத்துத்தான் ஏறினனான். பேப்பரிலை நேரம் போட்டவங்கள் தானே."

"அவங்கள் போட்ட நேரத்துக்கு எண்டைக்கு வெட்டினவங்கள்!"

கதிரையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் அண்டைக்கே சொன்னனான் தம்பி. விளக்குக்கு விடுற எண்ணெயை உதுக்கு விட்டால் உது ஒரு நாளைக்கு உருவந்து சாமியாடப்போகுது எண்டு. கேட்டால்தானே."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு, "கீரிமலைத் தண்ணி கொண்டுவாற போத்தலாலை தான் வாத்தனான். துப்பரவான போத்தல்" என்றார். அந்தச் சொல்லை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் உயிரோடு நிற்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

வானுக்குள் வைத்தே எண்ணெயைச் சோதித்தேன். இரண்டு சின்னப் பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே எண்ணெயை நிறுத்தி மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், எண்ணெய் ஓரளவு வரை தாங்கும். பிறகு பட்டென்று ஒரு நீலப் பொறி பாயும். நல்ல எண்ணெய் நெடுநேரம் தாங்கும். இது தொடங்க முன்னமே வெடித்தது. நிரப்பி நிரப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அடியில் தண்ணீர் நிற்கிறது. எங்கிருந்து வந்த தண்ணீர் என்று தெரியவில்லை. கூரையற்ற இடம், பழைய மூடி, மழை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ட்ரான்ஸ்போமரை நிறுத்திவைத்துவிட்டு வந்தோம்.

இன்னுமொரு சோதனை பாக்கி இருந்தது. பழைய காலத்து ட்ரான்ஸ்போமர்கள் சிலவற்றில், நெருப்புப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று எண்ணெயோடு ஒரு திரவத்தைச் சேர்த்திருந்தார்கள். குளோரின் கலந்தது. பிறகுதான் அது நஞ்சு என்று கண்டார்கள். உடம்புக்குள் போனால் இலேசில் வெளியே வராது, கொழுப்பில் போய்க் குந்திவிடும். பழைய ட்ரான்ஸ்போமர்கள் எல்லாவற்றையும் அதற்காகச் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்குரிய குப்பிகள் கொழும்பிலிருந்து வந்துசேர்ந்ததும் முதலில் கோப்பாய்க்குத்தான் போனேன்.

வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு கதிரைகளும் வெறுமையாகக் கிடந்தன.

அண்ணை படலையிலேயே நின்றார். "பெரியாஸ்பத்திரியிலை வைச்சிருந்தவங்கள். ஈரலிலை ஏதோ கிடக்காம். இனி வெட்டிக் கொத்திப் பிரயோசனம் இல்லை, வீட்டை கொண்டுபோய்ச் சந்தோசமா வைச்சிருங்கோ எண்டு விட்டிட்டினம்." சந்தோசமாக என்ற சொல்லை அவர் ஒரு பிறமொழிச் சொல்லைப் போல உச்சரித்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா கட்டிலில் கிடந்தார். முகம் சிறுத்து, மஞ்சள் பாய்ந்திருந்தது. முழங்கால்கள் மட்டும் பழைய அளவில் போர்வையைத் தூக்கிக்கொண்டிருந்தன.

"எண்ணெய்க்காரரோ?" என்றார். "வாங்கோ. இவர் இப்ப ரெண்டு நேரமும் போடுறார். கதை கூடிப்போச்சு. நித்திரை கொள்ள விடுறாரில்லை."

வெளியே வந்து வானின் நிழலில் குந்தினேன். குப்பிக்குள் எண்ணெயை விட்டு, உள்ளிருக்கிற மெல்லிய கண்ணாடியை விரலால் நசுக்கி உடைத்துக் குலுக்க வேண்டும். பிறகு நிறத்தைப் பார்க்க வேண்டும். ஊதா நிறம் நின்றால் பயமில்லை. நிறம் போய் வெளிறினால் சந்தேகம். அண்ணை என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். ஊதா தோன்றியது. பிறகு, சாயம் தோய்த்த துணியைத் தண்ணீரில் அலசுகிற மாதிரி, என் கண்ணுக்கு முன்னாலேயே கரைந்து போனது.

இன்னொரு குப்பியை எடுத்தேன். அதுவும் வெளிறியது.

"நிறம் போயிட்டுது" என்றார் அண்ணை. "நல்லதோ?"

வான்காரர் எழும்பிப்போய்ச் சும்மா வானின் ரயரை உதைத்துப் பார்த்தார்.

நான் சொன்னேன். சந்தேகம் மட்டும்தான், இதைக் கொழும்புக்கு அனுப்பிப் பெரிய மெசினில் பார்த்தால்தான் சரியாகத் தெரியும், அது வரைக்கும் இந்த எண்ணெயைத் தொடவேண்டாம் என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அவர் அவ்வளவு கவனமாகக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"உந்த நஞ்சு தோலுக்குள்ளாலை போகுமோ தம்பி?"

"போகும் எண்டுதான் சொல்லினம்."

"போய் எங்கை இருக்கும்?"

நான் குப்பிகளைத் துணியில் சுற்றினேன்.

"ஈரலிலையோ?"

"அண்ணை, அக்காவுக்கு வந்தது எதாலை எண்டு ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது."

"நான் அதைக் கேக்கேல்லை. ஈரலுக்குப் போகுமோ எண்டு கேட்டனான்."

"போகலாம் அண்ணை."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்களில் எண்ணெய் ஊறிய மஞ்சள் கோடு. உள்ளங்கை ரேகைகள் பளபளத்தன. கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவினார். தேங்காய்ப் பொச்சு நாரால் உரஞ்சினார். கிணற்றுத் துலாவின் கிறீச்சொலி எங்கள் வான் வீதிக்கு ஏறும் வரைக்கும் நிற்கவில்லை.

"அவவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ" என்பது மட்டும்தான் அவர் கடைசியாகச் சொன்னது.

எண்ணெய் கொழும்புக்குப் போனது. அங்கே மெசின் பழுது என்றார்கள். பிறகு வரிசை என்றார்கள். நான் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மற்ற இடங்களுக்கும் வேலைக்குப் போனேன். ஆனால் எங்கே போத்தலைத் திறந்தாலும் சனிக்கிழமை மணத்தது. ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. வீட்டில் சோறு முன்னே கிடக்க எழும்பி நடந்தேன்.

இடையில் ஒரு நாள் கோப்பாய்ப் பக்கம் போனபோது ஆலைக்குள் திரும்பினோம். அக்காவின் தமக்கை மகள் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணை வாசற்படியில் வெளியே பார்த்தபடி குந்தியிருந்தார். கைகளை இரு கமக்கட்டுகளுக்குள்ளும் செருகியிருந்தார். வெளியே தெரிந்த மணிக்கட்டுகளில் தோல் உரிந்து செம்மண் நிறமாகக் கிடந்தது.

அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். குரல் காற்றாகிவிட்டது.

"தம்பி, உங்கடை அண்ணைக்கு என்னோடை ஏதோ கோவம்."

"இல்லை அக்கா."

"கோவம்தான். கிட்ட வாறாரில்லை. தண்ணி கேட்டாலும் பெட்டையைக் கூப்பிடுறார். கேட்டால் கை சரியில்லை எண்டுறார். கை சரியில்லாட்டி வாயாலை கதைக்கலாம் தானே." சிரிக்கப் பார்த்தார். "நான் என்ன செய்தனான் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

வெளியே வந்து அண்ணைக்குப் பக்கத்தில் குந்தினேன். "கையிலை இப்ப ஒண்டும் இல்லை அண்ணை. கழுவினது போதும். போய்ப் பக்கத்திலை இருங்கோ" என்றேன்.

"எத்தினை வருசம் ஊறின கை" என்றார் அவர். "கழுவிப் போற சாமானெண்டால் உடம்பிலை தங்கும் எண்டு சொல்லியிருக்க மாட்டியள்."

"கதைக்கவாவது கதையுங்கோவன்."

அவர் வேப்பமரத்தடிக் கதிரைகளைப் பார்த்தார். "கையை வைச்சுக்கொண்டு சும்மா கதைக்க எனக்கு வராது தம்பி" என்றார்.

அக்கா செத்த செய்தி வந்தபோது கொழும்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். பறை அடித்தது. ஐயர் வந்து கும்பம் வைத்தார். குளிப்பாட்டுவதற்கு முன் சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து அறுகம்புல்லால் அரப்பும் எண்ணெயும் தொட்டு அக்காவின் தலையில் வைத்தார்கள். கிண்ணத்தில் இருந்தது நல்லெண்ணெய். பந்தல் முழுக்க அந்த மணம். அண்ணையைக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. பந்தலின் கடைசிக் காலோடு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வா அண்ணை, வந்து வை. பொழுது போகுது" என்று ஒருவர் இழுத்தார். அவர் கைகளை விடுவிக்கவில்லை.

"மனுசன் விறைச்சுப்போச்சு" என்றது ஒரு குரல். "உயிரோடை இருக்கேக்கையும் கடைசியிலை கிட்டப் போகேல்லையாம்" என்றது இன்னொரு குரல், மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. அவருக்கும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற வான்காரர் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்ப, நான் அவர் சட்டையைப் பிடித்தேன். காரணம் தெரிந்தவர்கள் அந்தப் பந்தலில் மூன்று பேர்தான். அதில் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கொள்ளியையும் அக்காவின் தமக்கை மகனே வைத்தான்.

எட்டாம் நாள் செலவும் முடிந்து, சில கிழமைகள் கழித்து ஒரு காலை கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. சோதனைக்கூடத்தில் இருக்கிற பெண். நல்ல மாதிரிக் கதைப்பாள். நீங்கள் பயந்த நஞ்சு இந்த எண்ணெயில் துளியும் இல்லை என்றாள். நான் அதையே ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்றாள். அப்படியென்றால் ஏன் நிறம் போனது? உப்பு, என்றாள். உப்புத் தண்ணீர் அடியில் நிறைய இருக்கிறது. உப்பிலும் குளோரின் இருப்பதால் அந்தக் குப்பி ஏமாந்துவிடும். பிறகு சிரித்துக்கொண்டு கேட்டாள், நீங்கள் யாழ்ப்பாணத்தில் ட்ரான்ஸ்போமரைக் கடலுக்குள்ளா வைத்திருக்கிறீர்கள்?

தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தச் சொல் வந்து காதில் விழுந்தது. கீரிமலைத் தண்ணி கொண்டுவாற போத்தல். துப்பரவான போத்தல்.

ஆலைக்குப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. அன்றைக்குத்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, எல்லோரும் கீரிமலைக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்தில் நின்றவர் சொன்னார். வான்காரர் வானை வடக்கே திருப்பினார். வழி முழுக்க, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நல்ல செய்திதான் கொண்டுபோகிறேன். அது ஏன் இவ்வளவு கனக்கிறது என்று தெரியாத மாதிரி நானே எனக்கு நடித்தேன்.

கிரியை முடிந்திருந்தது. ஆண்கள் கேணிக்குள் இறங்கித் தோய்ந்துகொண்டிருந்தார்கள். சின்னப் பெடியளின் கூச்சல். சுவருக்கு மறுபக்கம் கடல். அண்ணை ஈர வேட்டியோடு கடலைப் பார்த்த கல்லொன்றில் இருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. நான் பக்கத்தில் இருந்தேன்.

"கொழும்பிலையிருந்து சொல்லிட்டினம் அண்ணை. நஞ்சு இல்லை. ஒரு சொட்டும் இல்லை."

அவர் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார்.

"அது உப்புத் தண்ணியாம். உப்புக்கும் அந்த நிறம் போகுமாம்."

"உப்போ?" என்றார். பிறகு அவரும் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார். நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. முன்னால் கிடந்த தண்ணீரையே பார்த்தார். "இஞ்சையிருந்து கொண்டுபோன போத்தல்" என்றார். "வழிச்சு ஊத்திப்போட்டு, காய விடாமல் எண்ணெயை விட்டிட்டன். ஒவ்வொருக்காலும்."

"ஓம் அண்ணை."

"அப்ப என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லை அண்ணை. ஒரு நாளும் இருக்கேல்லை."

அலை வந்து கல்லின் அடியில் மோதித் திரும்பியது. அவர் கைகளை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தார். உரிந்த தோல் காய்ந்து, புதுத்தோல் குழந்தைத் தோல் மாதிரி மினுங்கத் தொடங்கியிருந்தது.

"அப்ப தொட்டிருக்கலாம்" என்றார்.

என் தொழிலில் தாங்குமா தாங்காதா என்று ஏற்றி ஏற்றிப் பார்ப்பேன், பொறி பாய்ந்ததும் நிறுத்திவிடுவேன். மனிதரில் அந்தப் பொறி எங்கே பாய்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் அழவில்லை. முகம் அப்படியே இருந்தது.

பிறகு எழும்பினார். துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு வெறும் போத்தலை எடுத்தார். கீரிமலைக்கு வருகிற நாளில் எடுத்து வைக்கிற பழக்கத்தில் எடுத்து வைத்திருப்பார். கல்லில் இறங்கி, அலை ஏறுகிற நேரம் பார்த்துக் குனிந்து, போத்தலை நிரப்பினார். மூடியைத் திருகினார். மேலே வந்தார். வான்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு வானின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

கோப்பாய் வரும் வரைக்கும் அந்தப் போத்தல் அண்ணையின் மடியில் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அதைப் பொத்திப் பிடித்து, கழுத்திலிருந்து அடி வரைக்கும் இறக்கி, அடியிலிருந்து கழுத்து வரைக்கும் ஏற்றி, அவசரமில்லாமல் உருவிக்கொண்டு வந்தார். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. ஒன்று முடிய ஒன்றாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. வான்காரர் வேகத்தைக் குறைத்து, வீதியின் ஓரத்தோடு, மெல்ல ஓட்டினார்.